கண்ணாடித் தொட்டிக்குள் கடல்



திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். படித்ததும் இந்த இதழை இதற்கே ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது. அவர் எழுதியிருப்பதன் சாராம்சம் இது:

"அக்கா, எங்க பெரியவன் காலேஜ் படிக்கிறான். மூணு அடி கண்ணாடித் தொட்டி வாங்கி ஹாலில் வெச்சு, உப்புத் தண்ணி ஊத்தி, கடல் மீன் வளர்க்கிறான். போன மாசம் எண்ணூர் முகத்துவாரத்துலேருந்து பத்து மட்டி கொண்டுவந்து அதுக்குள்ளே விட்டான். மட்டி தண்ணியைச் சுத்தம் பண்ணும்னு யாரோ சொன்னாங்களாம். ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா வாயைப் பொளந்துடுச்சு. வீடெல்லாம் நாத்தம். இப்போ கல்லு, கண்ணாடி எல்லாத்துலயும் பச்சைப் பசேல்னு பாசி. மாமியார் தூக்கிப் போடச் சொல்றாங்க. அவன் என்னடான்னா, நீலமும் பச்சையுமா மின்னுற கலர் மட்டி வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறான். கைக்குழந்தை வேற தவழ ஆரம்பிச்சிருக்கு. நான் என்ன செய்யட்டும்? அந்த முகத்துவாரத்து மட்டியைத்தான் நாங்க குழம்பும் வைக்கிறோம். அது சரியா?"

ஒரு கடிதத்தில் நாலு கேள்வி. நாலுமே நம் எல்லோருக்கும் வேண்டியவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மட்டி ஏன் செத்தது?

கணக்கு வராத பிள்ளையை "மட்டி, மட்டி" என்று திட்டுகிறோம். உண்மையில் மட்டி செய்கிற வேலையைப் பார்த்தால் அந்த வார்த்தையே வாயில் வராது. மணலுக்குள் புதைந்துகொண்டு, ஒரு குழாயால் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. செவுள்களால் அதைச் சல்லடை போடுகிறது. மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்றுவிட்டு, தெளிந்த நீரை மற்றொரு குழாயால் வெளியே விடுகிறது. அதன் உறவுக்காரரான ஆழி, மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் நீரை இப்படி வடித்துவிடும். ஆகவே, மட்டி தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று உங்கள் பிள்ளைக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் முகத்துவாரம் வேறு, தொட்டி வேறு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற இடத்தில் தினமும் இரண்டு முறை அலையேற்றம் வந்து புதுச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டுப் போகிறது. மூன்றடித் தொட்டியில் அதெல்லாம் ஏது? பத்து மட்டியும் சேர்ந்து இருந்ததைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்திருக்கும். அப்புறம் பட்டினிதான். மட்டி கத்தாது, துள்ளாது. உடம்பிலிருக்கிற சத்தைக் கரைத்துக்கொண்டு நாள் கணக்காகத் தாக்குப் பிடிக்கும். பிறகு ஒருநாள் வாய் பிளந்துவிடும்.

'சரி, சாப்பாட்டை நாமே ஊற்றிவிடலாமே' என்று கேட்பீர்கள். நுண்பாசி கலந்த திரவங்கள் கடைகளில் கிடைக்கத்தான் செய்கின்றன. பத்து மட்டிக்கும் போதுகிற அளவு ஊற்றினால் அதில் பாதி தின்னப்படாமல் அழுகி, கல்லின்மேல் படரும் பாசிக்கு உரமாகிவிடும். ஊற்றாவிட்டால் பட்டினி, ஊற்றினால் பாசி. அதனால்தான் முகத்துவாரத்து மட்டி முகத்துவாரத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறேன்.

செத்த மட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? அடுப்படியில் நீங்கள் செய்கிற அதே சோதனைதான். திறந்திருக்கும் மட்டியை விரலால் தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லையா, உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு மட்டி தொட்டிக்குள் அழுகினாலும் அதிலிருந்து வரும் அம்மோனியா மற்ற உயிர்களையும் கொன்றுவிடும்.

அந்தக் கலர் மட்டி

உங்கள் பிள்ளை ஆசைப்படுவது ராட்சத மட்டி. லட்சத்தீவு, அந்தமான் பக்கம் பவளத் திட்டுகளில் இருக்கிறது. இந்த வகையிலேயே மிகப் பெரியது மூன்றடிக்கு மேல் வளர்ந்து இருநூறு கிலோ எடை வரும். தொட்டியில் வைப்பது அதன் சின்ன உறவுகளை. ஓட்டைத் திறந்து, பட்டுப் புடவையின் முந்தானையை விரித்த மாதிரி ஒரு சதை மடிப்பை வெளியே விரிக்கும். நீலம், பச்சை, ஊதா, அடேயப்பா! கண்ணை எடுக்க முடியாது.

இதன் சூட்சுமம் என்ன தெரியுமா? அந்தச் சதை மடிப்புக்குள்ளே கோடிக்கணக்கான நுண்பாசிகள் குடித்தனம் செய்கின்றன. வெயிலை வாங்கிச் சர்க்கரை செய்து, வீட்டு வாடகை கட்டுவதுபோல மட்டிக்கும் கொடுக்கின்றன. மட்டி தன் பங்குக்குப் பாசிக்குத் தங்க இடமும், நீரில் கரைந்திருக்கும் உரச் சத்தும் தருகிறது. வெளியே கல்லில் படர்ந்தால் எந்தப் பாசியை நாம் சுரண்டி எடுக்கிறோமோ, அதன் இனத்தவர்தான் உள்ளே இருந்து இந்த மட்டிக்குச் சோறு போடுகிறார்கள். அதனால் இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். 25-லிருந்து 28 டிகிரிக்குள் சூடு நிற்க வேண்டும். ஓடு கட்டிக்கொள்ள நீரில் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தண்ணீரில் உரச்சத்து சொட்டுக்கூட இல்லாமல் துடைத்து எடுத்துவிட்டாலும் இது வெளிறிப் போகும். கையின் நிழல் பட்டதும் மடிப்பைச் சுருக்கிக்கொண்டால் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். நிழலுக்கு அசையாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் உடம்பு சரியில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, வாங்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் பவளங்கள், கடல்குதிரை இவற்றோடு ராட்சத மட்டியின் இனங்களையும் சேர்த்துவிட்டார்கள். நம் கடலிலிருந்து எடுத்ததை விற்பதும் குற்றம், வாங்கி வீட்டில் வைப்பதும் குற்றம். செத்த பவளத் துண்டை அலங்காரத்துக்கு வைத்தாலும் அப்படித்தான். மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. "எல்லாரும் வெச்சிருக்காங்கம்மா" என்று பிள்ளை சொல்வான். கேஸ் என்று வந்தால் எல்லாரும் வந்து நிற்க மாட்டார்கள். சிங்கப்பூரிலோ வேறு நாட்டிலோ உள்ள உறவினர் வீட்டுத் தொட்டியில் இதைப் பார்த்திருக்கலாம். பலாவ் போன்ற பசிபிக் தீவுகளில் பண்ணை வைத்து வளர்த்து, அனுமதியோடு அனுப்புகிறார்கள். அங்கே உள்ள சட்டம் வேறு.

ஏமாற்றத்தோடு விட்டுவிடாமல் பிள்ளைக்கு ஒரு வழி சொல்லுங்கள். கோமாளி மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைப்பதில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் மையமும் வெற்றி கண்டிருக்கின்றன. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடி ஒன்று, செயற்கைக் கற்கள், மேயும் நத்தைகள் சில. தொட்டிக்கு இதுவே அழகு. "பண்ணையில் பொரிச்சதா?" என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பாசி ஏன் வருகிறது?

பாசி வருவது துரதிருஷ்டமோ, கண்ணூறோ இல்லை. வெளிச்சமும் உரமும் ஒன்றாகச் சேர்ந்தால் பாசி வரும். நம் வீட்டுத் துளசி மாடத்தில் செடி செழிப்பது எதனாலோ, அதனால்தான் தொட்டியில் பாசியும் செழிக்கிறது. உரம் என்பது நைட்ரேட், பாஸ்பேட் என்ற இரண்டு உப்புகள். இவை எங்கிருந்து வருகின்றன?

முதலாவது, மீனுக்குப் போடும் தீனி. இரண்டு நிமிஷத்தில் தின்று தீராத தீனி எல்லாம் கல்லிடுக்கில் போய் அழுகும். ஐஸில் வைத்த இறாலை அப்படியே போட்டால் அது உருகிய தண்ணீரிலேயே பாஸ்பேட் இருக்கும். வடிகட்டியில் போட்டு அலசி, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட வேண்டும்.

இரண்டாவது, குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும். நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். ஆனால் வடசென்னை நிலத்தடி நீரில் என்னவெல்லாம் கரைந்திருக்கிறது என்று பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவமே சொல்லும். தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் உத்தமம்.

மூன்றாவது, கழுவாத வடிகட்டிப் பஞ்சு. அழுக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்து உரம் தயாரிக்கும். வாரம் ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதில் வாழும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும்.

நான்காவது, ஜன்னலோரம். காலை வெயில் விழுகிற இடத்தில் தொட்டியை வைத்தால் பாசிக்கு விருந்து வைத்த மாதிரிதான். உள்சுவர் ஓரமாக நகர்த்தி, விளக்கை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள்.

நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்லலாம்

தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் மணல்மேல் பழுப்புப் பொடி தூவியதுபோல் படியும். பயப்பட வேண்டாம். புதுத் தொட்டியில் இது சகஜம், தானே அடங்கிவிடும். அம்மோனியாவை நல்ல கிருமிகள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றப் பழக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு உயிர்களை விட்டால் செத்துப் போகும்.

பச்சை முடிபோல் நீளமாகத் தொங்கினால் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் கூடிவிட்டன என்று அர்த்தம். நம் திருவொற்றியூர் சகோதரி வீட்டில் இருப்பது இதுதான். செத்த மட்டிகள் அத்தனையும் உரமாகிவிட்டன.

கருஞ்சிவப்பாக, பாலாடை மாதிரி உரிந்து வரும் சவ்வு என்றால், அது அசல் பாசியே இல்லை. பாசிபோல வெளிச்சத்தில் வாழும் ஒருவகை பாக்டீரியா. தண்ணீர் ஓட்டமில்லாத மூலைகளில்தான் பிடிக்கும். பம்பின் வாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, மெல்லிய குழாயால் சவ்வை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

பச்சை முத்துப்போல உருண்டை உருண்டையாக வந்தால் தொட்டிக்குள்ளே நசுக்காதீர்கள். அதற்குள்ளே விதை இருக்கும். கல்லை வெளியே எடுத்து முழு உருண்டையாகக் கழற்ற வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் பெரிய முடிகளைக் கையால் பிடுங்குங்கள். கல்லை ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் வைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துண்டுகள் பறந்துபோய்ப் பத்து இடத்தில் முளைக்கும்.

பிறகு வாராவாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மூன்றடித் தொட்டியில் சுமார் 150 லிட்டர் பிடிக்கும் என்றால் 15 லிட்டர். அதற்குக் கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம், அரைக் கிலோவுக்குச் சற்று மேலாக, முந்தின நாளே கரைத்து வைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. அதில் கடலில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் இல்லை. ராயபுரம், காசிமேடு கரையில் குடத்தில் மொண்டு வருவதும் கூடாது. துறைமுகத்து டீசலும் சாக்கடையும் அதில் இருக்கும்.

தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. குழம்பு சுண்டினால் கரிக்கிறதல்லவா? அதேதான். நல்ல ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி, பழைய கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

பாறை மேயும் நத்தைகள் நாலைந்து விட்டால் கண்ணாடியையும் கல்லையும் மேய்ந்து துப்புரவாக வைக்கும். ஆனால் நீண்ட முடிப்பாசியை அவை தின்னாது. நீங்கள் பிடுங்கிய பிறகு வரும் இளந்தளிரைத்தான் மேயும்.

இன்னொரு யுக்தி, பாசியைப் பாசியாலேயே ஒடுக்குவது. பக்கத்தில் சின்னத் தொட்டி ஒன்று வைத்து, நூல்கண்டுபோல வளரும் நல்ல கடற்பாசியை அதில் போட்டு, தண்ணீர் இரண்டு தொட்டிக்கும் சுற்றிவருமாறு செய்கிறார்கள். உரச்சத்தை அது தின்றுவிடுவதால் பெரிய தொட்டியின் பாசி பட்டினியாகிறது. மாதம் இரண்டு முறை அந்த நூல்கண்டில் பாதியைப் பிய்த்து வெளியே போட்டால், உறிஞ்சிய உரமும் அதோடு வெளியே போய்விடும்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். பாசியை ஒரே நாளில் ஒழிக்கும் மருந்து என்று விற்பதை ஊற்றாதீர்கள். பாசி மொத்தமும் ஒரேயடியாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு குறைந்து, விடிவதற்குள் மீன் மிதக்கும். சில மருந்துகளில் செம்பு இருக்கும். நத்தைக்கும் மட்டிக்கும் செம்பு விஷம்.

நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டிவிடும். ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம். கரண்ட் போகும் நேரத்துக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

நிஜக் கடலிலும் இதே கதை

இது ஏதோ பணக்கார வீட்டுப் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். மண்டபம் பக்கம் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் மூங்கில் மிதவை கட்டி ஒரு கடற்பாசியை வளர்த்து நாலு காசு பார்த்தார்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்த இனம். அது வேலி தாண்டிப் போய், மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பவளங்களின்மேல் படர்ந்து மூடியதை 2008-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். கையால் பிடுங்கினார்கள். துண்டு ஒன்று மிஞ்சினாலும் திரும்ப முளைத்தது. உங்கள் தொட்டியில் நடக்கிறதே, அதே கதைதான்.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் கரையில் கடலே பச்சை பூத்தது. நுண்ணுயிர் ஒன்று அளவுக்கு மீறிப் பெருகியதால் நீரில் பிராணவாயு குறைந்து, மீன்கள் செத்து ஒதுங்கின. பவளங்களும் மடிந்தன.

நம் எண்ணூரிலேயே பாருங்கள். தென் அமெரிக்கப் பக்கத்து ஆழி ஒன்று, கப்பல்களோடு வந்தது என்று கருதப்படுவது, முகத்துவாரத்தின் அடியில் பாய் விரித்ததுபோல் மூடிவிட்டது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். இறால் புதைந்து வாழும் சேற்றை அது அடைத்துக்கொள்கிறது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடித்துக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு அது சோற்றில் விழுந்த மண். வெளியூர் உயிரை வாங்கி வளர்த்து, அலுத்ததும் காலவாயிலோ கடலிலோ கொட்டுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிடுங்கிய பாசியைக்கூடத் தண்ணீரில் விடாமல், வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

மட்டிக் குழம்பு வைக்கலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற கைகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

மட்டி நீரைச் சல்லடை போடுகிறது என்றேனல்லவா? சல்லடையில் மாவோடு கல்லும் தங்குகிற மாதிரி, நீரில் இருப்பதெல்லாம் அதன் உடம்பில் தங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் பல வருஷங்களாகக் கலந்திருக்கின்றன. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து, முகத்துவாரத்தில் படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. அங்கே உள்ள சேற்றிலும் சிப்பி வகைகளிலும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது. மஞ்சளும் புளியும் அதை எடுக்காது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது சந்தேகமில்லாத விஷயம்.

இன்னொரு ஆபத்து பாசியால் வருவது. சில நுண்பாசிகள் விஷம் உள்ளவை. அவை பெருகும் காலத்தில் மட்டி அவற்றைத் தின்று, தான் சாகாமல் விஷத்தை மட்டும் சேமித்துக்கொள்ளும். 1981-இல் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட மட்டியைச் சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள், 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இந்த விஷமும் கொதியில் போகாது. மட்டி, ஆழி சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப் போனாலோ, மூச்சு விடக் கஷ்டமாக இருந்தாலோ, கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என்ன சாப்பிட்டோம் என்பதையும் சொல்லுங்கள்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், சின்னக் குழந்தைகளும் எண்ணூர்க் கழிமுகத்து மட்டியைத் தொட வேண்டாம். மற்றவர்களும் வாராவாரம் சாப்பிடுவதை விட்டுவிடுங்கள். அதற்காக மீனே வேண்டாம் என்று ஆகிவிடாது. காசிமேட்டில் கடலிலிருந்து வந்திறங்கும் நெத்திலியும் மத்தியும் விலை மலிவு, முள்ளோடு தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் ஏராளம். சின்ன மீன்களில் பாதரசமும் குறைவு. கழிமுகத்தில் பிடித்து விற்கும் அந்தப் பெண்கள்மேல் கோபப்பட வேண்டாம். ஆற்றில் சாம்பலைக் கொட்டியது அவர்கள் இல்லை.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

மூன்றடித் தொட்டி தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து இருநூறு கிலோவைத் தாண்டும். ஆடாத இரும்பு ஸ்டாண்டு அவசியம். குழந்தை பிடித்து எழுந்து நிற்கும் வயதில் மேஜைமேல் வைக்கக் கூடாது. மேலே மூடியும் வேண்டும்.

ஒயர் நேராக ப்ளக்குக்குப் போகாமல், கீழே தொங்கி வளைந்து மேலேறிப் போகும்படி விடுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உப்புத் தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குள் கை விடும் முன் ஸ்விட்சுகளை அணையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் டிரிப் ஸ்விட்சை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். தொட்டித் தண்ணீரில் உள்ள கிருமியால் விரலிலோ கையிலோ ஆறாத கட்டிகள் வருவதுண்டு. வாரக்கணக்கில் ஆறாவிட்டால், "வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் அவருக்கு அந்தக் கிருமி நினைவுக்கு வரும். சமையல் பாத்திரம் கழுவும் தொட்டியில் மீன் தொட்டிச் சாமானைக் கழுவாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பிள்ளை யாரிடமிருந்தாவது கடல் கல் வாங்கிவந்து, அதில் பொத்தான் பொத்தானாகச் சதைப் பூக்கள் ஒட்டியிருந்தால், அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். அவற்றில் சிலவற்றில் கொடிய விஷம் உண்டு. ஆவியில் கலந்து வந்த அந்த விஷத்தால் வெளிநாடுகளில் குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள்.

திருவொற்றியூர் சகோதரிக்கு: தொட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் மட்டியை இன்றே எடுத்துவிட்டு, வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். இரண்டு மாதத்தில் கண்ணாடி தெளியும். தெளியாவிட்டால் மறுபடி எழுதுங்கள். தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், நாளைக்கு எத்தனை தரம் தீனி போடுகிறீர்கள், இந்த இரண்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அடுத்த இதழில்: மழைக்காலத்துக்கு முன் மாடித் தொட்டியையும் சம்ப்பையும் சுத்தம் செய்வது எப்படி?